மூன்றாம் எண் இயந்திரம்

டுலூத் நகரில் ஏரி உறைந்து கிடந்த ஜனவரி.
சலவைக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே
விளக்கணைக்காத நகலகம்.
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
நான்தான் அங்கே முதலாளி, காவலாளி, துடைப்பம்.

இயந்திரங்கள் ஐந்து.
மூன்றாவதன் எண்ணிக்கைமானி மட்டும்
4108-இல் நின்றுவிட்டிருந்தது, நவம்பரிலிருந்து.
நான் எழுதித்தர வேண்டிய புகார்ச் சீட்டு
சட்டைப் பையிலேயே நான்கு முறை துவைபட்டது.

யாரிடமும் சொல்லவில்லை.
சர்க்கரை சிந்திய இடத்தை
எறும்பிடம் யார் போய்ச் சொல்கிறார்கள்?

முதலில் வந்தவர் ஆர்வோ ரௌதியோ.
இரும்புத்தாது ஏற்றும் துறையில் இடுப்பை ஒடித்துக்கொண்டு
அரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.
கப்பல்களின் ஊதொலி பற்றி மட்டுமே எழுதுவார்.
எந்தக் கப்பல், எந்த விடியலில்,
எத்தனை நொடி கூவியது,
எதன் தொண்டையில் துரு ஏறியிருக்கிறது.
பன்னிரண்டு பக்கம். படம் கிடையாது.
"இதை யார் படிப்பார்கள்?"
"டொலீடோவில் ஒருவன் இருக்கிறான்."
அதற்கு மேல் அவருக்கு வாசகர் உலகம் தேவைப்படவில்லை.

பெர்னெட்டுக்கு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
இடைவேளை இருபது நிமிடம்,
பனிக்காலணியோடு ஓடி வருவாள்.
இறந்தவர்கள் கடைசியாகக் கேட்டவை:
ஆரஞ்சு சோடா.
அந்த ரேடியோவை நிறுத்து.
குதிரைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா?
பெயரில்லை, நோயில்லை, தேதியில்லை.
"பதிப்பாளர் யாருக்காவது அனுப்பேன்" என்றேன்.
ஸ்டேப்ளரை என் பக்கம் தள்ளி,
"முதலில் இதற்குப் பின் போடு" என்றாள்.

ஜைன் என்று சொன்னவன் ட்ரென்ட் மட்டும்தான்.
ஆர்வோவுக்கு அது தாள், பெர்னெட்டுக்கு வெறும் 'அது'.
முதல் இதழில் தலைமையாசிரியரைக் கிழித்தான்.
இரண்டாவதில் அப்பாவை.
மூன்றாவதில் யாரையும் திட்டவில்லை.
ஹாக்கி கோல்காப்பாளன் ஒருவனின் பின்கழுத்தைப் பற்றி
ஒன்பது பக்கம்.
அன்று அட்டையைக் கவிழ்த்தே வைத்திருந்தான்.
கண்டும் காணாமல்
மை மாற்றப் போனேன்.
மை நிறையவே இருந்தது.

எல்லோருக்கும் ஒரே மறதி.
நகல்களை அள்ளிக்கொண்டு போவார்கள்,
கடைசி மூலத்தாள் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.
மூடியைத் தூக்கினால்
குப்புறப் படுத்திருக்கும் ஒரு பக்கம்
இன்னும் சூடு ஆறாமல்.
ஒட்டுத்துண்டுகளின் விளிம்பு, வெள்ளை மைத் திட்டு,
நகலில் விழாத வெளிர்நீலப் பென்சில்.
பெர்னெட்டின் தாளில்
ஆரஞ்சு சோடாவுக்கு அருகே நீலத்தில்: சிசிலியா.
குதிரைக்கு அருகே: எல்மர், அறை ஒன்பது.
யாருக்கும் காட்டாத பெயர்களை
அவள் எழுதாமலும் விடவில்லை.

மார்ச்சில் பழுது பார்க்கிறவன் வந்தான்.
யார் சொன்னார்களோ.
4109 என்று இயந்திரம் மறுபடி வாய் திறந்தது.

ஆர்வோ நாற்பதைப் பதினொன்றாக்கினார்.
பெர்னெட் ஏழு.
ட்ரென்ட் வரவில்லை; ஒருநாள் வந்தான்,
ஒரே ஒரு நகல் எடுத்தான்,
அதை உறையிலிட்டு
ஒட்டாமல் வெகுநேரம் நின்றான்.

அந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
அவர்களிடம் கேட்டபோது
எனக்கும் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.
ஒரு பக்கம், கையெழுத்தில்:
நவம்பரிலிருந்து மார்ச் வரை
ஒரே எண்ணில் நின்ற ஒரு கடிகாரம் பற்றி.
பெயர் போடவில்லை.
மூன்றாம் எண் கண்ணாடியில் கவிழ்த்து
மூடிவிட்டு வந்தேன்.

மூன்றரை மணிக்கு ஆர்வோ மூடியைத் தூக்கினார்.
நின்றபடியே படித்தார்.
நான் கல்லாவுக்குள் இல்லாத ரப்பர் வளையத்தைத் தேடினேன்.
முதுகுக்குப் பின்னே கேட்டது:
மூடி இறங்கும் ஒலி,
கோட்டுப் பையைத் துழாவும் ஒலி,
பிறகு சில்லறை,
ஒவ்வொன்றாக.